சிகாமணியின் குரல்கள் வளவுக்குக் கேட்ட வருஷம்

திருப்பூரில், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சாயப்பட்டறை வாசம் போகாத ஒரு சந்தில், எதிரும் புதிருமாக ஆறாறு வீடு, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாயடி என்று பன்னிரண்டு குடும்பம் இருந்த வளவு ஒன்றில், தை பிறந்து நாலாவது நாள் காலையில், தெய்வசிகாமணியின் தலைக்குள் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த குரல்கள் எல்லோருக்கும் கேட்க ஆரம்பித்தன.

அப்போது அவன் தம்பி கார்வேந்தன் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். "இப்ப எந்திரிக்கறான். இப்ப வேட்டியக் கட்டறான். இப்ப வெளிய வர்றான், பாரு, வர்றான்" என்று தேர்முட்டியில் மைக் பிடித்தவன் போல ஒரு குரல் முற்றத்தின் நடுவிலிருந்து சொல்லியது, சொன்னபடியே சிகாமணி வேட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வாசலுக்கு வந்தான். முதல் வீட்டில் இட்லிக் கடை போட்டிருந்த பழனாத்தாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஆருங்க அது, காலங்காத்தால கமெண்டரி போடறது?"

சிகாமணி கையைக் காதிலிருந்து எடுத்தான். "அக்கா, உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"கேக்காம? நானென்ன செவுடா?"

ஒன்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்றே சொல்லியிருந்தார்கள். பெற்ற தாய் சொன்னாள், டாக்டர் சொன்னார், கோடாங்கி சொன்னான், கூடப் படித்தவர்கள் சொல்லிவிட்டு ஓடியே போனார்கள். இப்போது வடைச்சட்டிக்கு முன்னால் நின்ற ஒருத்தி 'கேக்குது' என்றதும் சிகாமணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூக்கு ஒழுக, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து பார்க்கும்வரைக்கும் சிரித்தான்.

அவன் அம்மா நாச்சாத்தாளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பனியன் கம்பெனியில் டேமேஜ் பார்க்கிற வேலை அவளுக்கு. ஆயிரம் துணியில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். இட்லி தின்று முடித்த சிகாமணி கை கழுவப் போனபோது இன்னொரு குரல், தொண்டையில் கரகரப்பு உள்ள ஆம்பிளைக் குரல், "தின்னுட்டியா? நீயெல்லாம் எதுக்குடா தின்னறே? எதுக்குடா இருக்கே?" என்று அதட்டியதைக் கேட்டதும் அவள் அசையாமல் நின்றாள். ஒன்பது வருஷமாக அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பதைப் பார்த்து, வாய்க்கு ருசியில்லை என்று நினைத்து, குழம்புக்குக் குழம்பு மாற்றி வைத்தவள் அவள். மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து ஆகாயத்தைப் பார்த்து ஓங்கினாள்.

"அடப்பாவி! இதையாடா ஒம்போது வருசமா என்ற பையங்கிட்டச் சொல்லிட்டிருந்தே? கம்முனு இருடா! அவன் எதுக்கு இருக்கானா? நாம்பெத்து இருக்கான்!"

ஒன்பது வருஷத்தில் யாரும் அந்தக் குரலை எதிர்த்துப் பேசியதில்லை.

குரல்கள் வளவின் கேட்டுக்கு வெளியே கேட்கவில்லை. சிகாமணி கடைவீதிக்குப் போனால் பழையபடி அவனுக்கு மட்டும்தான். கேட்டுக்குள் காலை வைத்ததும் எல்லோருக்கும். ஏன் அப்படி என்று முதல் வாரம் பேசினார்கள்; செல்போன் கோபுரம் என்று ஒருவரும், போர் போட்ட ஆழம் என்று ஒருவரும் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில் லாரித் தண்ணீர் வராமல் போகவே அந்தப் பேச்சு நின்று தண்ணீர்ப் பேச்சு வந்தது. குரல்களோ நிற்கவில்லை. ஆகவே வளவு அவற்றோடு குடித்தனம் நடத்தப் பழகியது.

மொத்தம் மூன்று என்று ஒரு மாதத்தில் தெளிந்துவிட்டது. நடப்பதை நடக்கிறபடியே சொல்கிற குரலுக்குக் கமெண்டரி என்று பெயர் வைத்தார்கள். திட்டுகிற குரலுக்கு அதட்டி. மூன்றாவது ஒன்று, பொம்பளைக் குரலா குழந்தைக் குரலா என்று தெரியாமல், பாதி வார்த்தையும் பாதி மூச்சுமாக ஓடிக்கொண்டே இருந்ததால் அது மொணமொணப்பு. கமெண்டரியால் வளவுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் பன்னிரண்டாம் வீட்டில் இருந்த ஒடிசாக்காரன் பிபின் அதனிடம்தான் தமிழ் கற்றான். "இப்ப நடக்கறான், இப்ப குனியறான், இப்ப செருப்பத் தேடறான்" என்று அது சொல்லச் சொல்ல, சிகாமணியைப் பார்த்துப் பார்த்து அர்த்தம் புரிந்துகொண்டு, மாசி முடிவதற்குள் வினைச்சொல் முழுவதும் அவன் வாயில் ஏறிவிட்டது. ஆனால் எதைச் சொன்னாலும் 'இப்ப' சேர்த்தே சொன்னான். "இப்ப எங்க அண்ணனுக்குப் போன வருசம் கல்யாணம்" என்பான்.

அதட்டி விஷயம்தான் கஷ்டம். அது சிகாமணியைச் சொல்கிற சொற்கள் பொறுக்க முடியாதவை. அதை வாதாடி அடக்கிவிடலாம் என்று வளவு முதலில் நம்பியது. பழனாத்தாள் மாவாட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் அதோடு சண்டை போட்டாள். எலெக்ட்ரீசியன் ஒருவர் நியாயம் பேசிப் பார்த்தார். அடங்கவில்லை. மாத்திரை ஒன்றுதான் அதை அடக்கியது, அதையும் வளவு காதாலேயே தெரிந்துகொண்டது: சிகாமணி ஒழுங்காக மாத்திரை போட்ட வாரம் அதட்டி நாலு வீடு தள்ளி ஓடுகிற மிக்சி போலக் கேட்கும், 'இது போட்டாத் தூக்கமா வருது' என்று இரண்டு நாள் ஒளித்து வைத்தால் மூன்றாம் நாள் குழாயடியில் நின்று கத்தும். "சிகாமணி, சத்தம் ஏறுது, மாத்திரையப் போட்டியாப்பா?" என்று ஏழாம் வீட்டிலிருந்தும் எட்டாம் வீட்டிலிருந்தும் கேட்பார்கள், அவனும் கோபப்படாமல், ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னது போல எழுந்து போய்ப் போட்டுக்கொள்வான். மாத்திரை சாப்பிடுவது அவமானம் என்கிற எண்ணம் அந்த வளவைவிட்டு எப்போது வெளியே போனது என்று யாருக்கும் தெரியாது.

பங்குனியில் வெளியூர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். ஆகாயத்திலிருந்து வாக்கு வருகிறதாமே, எங்கள் பெண்ணுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்டார்கள். நாச்சாத்தாள் கேட்டில் நின்று, "என்ற பையன் சாமியுமில்லீங்க, பேயுமில்லீங்க. அவனுக்கு ஒடம்பு செரியில்ல, மருந்து சாப்படறான். தண்ணி வேணும்னா குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினாள். வளவின் உரிமையாளர் ஒருநாள் காலி பண்ணச் சொல்லத்தான் வந்தார். அவர் கேட்டைத் திறந்ததும் கமெண்டரி, "இப்ப ஓனரு வர்றாரு, இவனப் பாத்து வயித்த எக்கறாரு" என்றது. வளவே கொல்லென்று சிரித்தது. அவரும் எக்கிய வயிற்றை விட்டுவிட்டுச் சிரித்து, காபி குடித்து, வந்த காரியத்தை மறந்து போய்விட்டார்.

இத்தனைக்கும் நடுவில் சிரிக்காமல் இருந்தவன் கார்வேந்தன் ஒருவன்தான்.

அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு அடுத்தவன். எண்பது சுற்றுத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கத்தி ஓட்டினால் அடித்துணிக்கும் மேல்துணிக்கும் ஒரு நூல் பிசகாது. ஆனால் அவன் தினமும் காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்க மாட்டான். மல்லாந்து படுத்தபடியே தன் தலைக்குள் காது கொடுத்துக் கேட்பான். அப்பா மாரப்பனுக்கு இருபத்தாறு வயதில் வந்தது; அவர் கிணற்றோடும் கரண்ட் கம்பத்தோடும் பேசிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, பவானியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அண்ணனுக்குப் பத்தொன்பதில் வந்தது; பாலிடெக்னிக் ஹாஸ்டலில் கஞ்சா பழகி, ஒரு வருஷம் அதையே சாப்பாடாக இருந்து, பரீட்சைக்கு முந்திய வாரம் சுவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று வீட்டுக்கு ஓடிவந்தான். அடுத்தது தான்தான் என்று கார்வேந்தன் முடிவே செய்திருந்தான். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் ஏதோ ஒரு வாசலில் அது செருப்பைக் கழற்றிவிட்டுத் தனக்காக உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கா, நாளைக்கா என்பதுதான் தெரியவில்லை.

அதனால்தான், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பவர் டேபிளில் தைக்கிற ஜெபசீலி அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அவன் துணியைக் குனிந்து பார்த்தான். அதனால்தான், அண்ணன் எதனால் கெட்டான் என்று தெரிந்திருந்தும், அயர்ன் டேபிள் முத்துக்குட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆற்றோரத் தடுப்பணைக்குக் கூட்டிப்போய் ஒரு பீடியை நீட்டியபோது வாங்கினான். இரண்டு இழுப்பில் அந்தக் காத்திருப்பு நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது போல இருந்தது. ஆற்றில் அன்று மயில்கழுத்து நிறத்தில் சாயத் தண்ணீர் ஓடியது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அடுத்த ஞாயிறும் போனான். அப்புறம் புதன்கிழமையும். ஆனி மாதம் வருவதற்குள் சட்டைப்பையில் பொட்டலம் இல்லாமல் அவனுக்கு நடக்க வரவில்லை.

சிரிப்பு ஒன்றரை மாதம் இருந்தது. பிறகு, டீ நேரத்தில் தையல் பெண்கள் கூட்டமாகச் சிரித்தால் அது தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. ஜெபசீலி டிபன் பாக்ஸை மூடுகிற விதத்தில் ஒரு செய்தி இருக்கிறது என்று தோன்றியது. கத்தி முதல் முறையாக ஒரு நூல் பிசகியது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை, இழுப்பைக் கூட்டினான்.

ஆனி கடைசி ஞாயிறு மத்தியானம், வளவு முழுக்க முற்றத்தில் இருந்தது. சிலர் துணி காயப் போட்டார்கள், பழனாத்தாள் வெங்காயம் உரித்தாள், பிபின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தான், கமெண்டரி தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கார்வேந்தன் கண் சிவந்து ஆற்றிலிருந்து வந்து கேட்டைத் திறந்தான். அவன் காலை உள்ளே வைத்ததும், அவன் தலைக்கு ஒரு முழம் மேலேயிருந்து, வளவு இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல், மீசை முளைக்கிற வயதில் உடைகிற குரல் போல, "எல்லாரும் உன்னயத்தான் பாக்கறாங்க" என்றது.

வெங்காயம் உரித்த கை நின்றது. எண்ணெய் வைத்த கை நின்றது. உண்மையாகவே எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"பாத்தியா, சொன்னேனில்ல?" என்றது குரல்.

கார்வேந்தன் அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணா, உன்ற ரேடியோவ நிறுத்து" என்று கத்தினான்.

சிகாமணி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். குழாயடியைத் தாண்டி அவன் யாரிடமும் தானாகப் போய்ப் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. அவன் எழுந்தான். "இப்ப எந்திரிக்கறான்" என்றது கமெண்டரி. முற்றத்தை நேர் குறுக்கே கடந்தான். "போகாதடா, நீ தொட்டா அவனும் கெட்டான்" என்றது அதட்டி. சிகாமணி அதைக் கொசு ஓட்டுவதுபோல ஓட்டிவிட்டு, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இது என்றது இல்லடா கண்ணு. என்ற மூணையும் எனக்குத் தெரியும். இது உன்றது." சட்டைப்பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தான். "எத்தன நாளா?"

கார்வேந்தன் அழுதான். அத்தனை பேர் முன்னால், ஈரத்துணிகளுக்கு நடுவே, சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதான். "நான் அப்பன மாதிரி ஆயிருவேனாண்ணா?"

"தெரியாது. எனக்குத் தெரியாது. நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போலாம். நானும் வர்றேன்." சிகாமணி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்கு வழி தெரியும். எந்த ரூமு, எந்த வரிசை, எங்க உக்காந்தா காத்து வரும், எல்லாம் தெரியும்."

நாச்சாத்தாள் பொட்டலத்தை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் விட்டாள். மகனை ஒரு சொல் திட்டவில்லை. அன்றைக்கு இரண்டு மகன்களுக்கும் ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தாள். ஐந்து வயதுக்கு மேல் அவள் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு டாக்டரம்மா கார்வேந்தனிடம் அரை மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் சொன்னான், வளவில் குரல் கேட்பதையும் சொன்னான். அவர் அதையும் மறுக்காமல் எழுதிக்கொண்டார்.

"எனக்கு வந்துருமாங்க?"

"இப்பவே சொல்ல முடியாதுப்பா. கூடப் பொறந்தவங்களுக்கு இருந்தா நூறு பேர்ல சுமாரா பத்துப் பேருக்கு வரலாம். அப்பாவுக்கும் இருந்ததால உனக்கு அதவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். அப்பவும் வராதவங்கதான் அதிகம். ஆனா கஞ்சா இருக்கு பாரு, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. உன்ன மாதிரிக் குடும்பத்துல பொறந்தவங்களுக்கு அது கதவத் தொறந்து விட்டுரும். உங்கண்ணனுக்கும் அது இல்லாமயே வந்திருக்கலாம், வராமயே போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. உனக்குச் சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. அது பெரிய விஷயம். நிறுத்து. ஒரு சின்ன மாத்திரை தர்றேன், வாரா வாரம் வந்து என்னப் பாரு."

"நிறுத்தினாப் போயிருமாங்க?"

"போறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு."

வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்கு ஒரு கணக்குக் கிடைத்தது. அதுவரை அவன் நூற்றுக்கு நூறு என்றுதான் நினைத்திருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் 'வராதவங்கதான் அதிகம்' என்பதை வாய்க்குள் மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பக்கத்தில் சிகாமணி ஜன்னல் காற்றில் வாய் திறந்து தூங்கினான்.

அவன் இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. கஞ்சாவை விட்ட நாட்களில் தூக்கம் வராமல், சட்டென்று கோபம் வந்து, வியர்த்துக் கொட்டி, பாயில் புரண்டான். சின்னக் குரல் தலைமாட்டிலேயே இருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல வளவு அந்தக் குரலுக்குக் காது கொடுத்தது. "நேத்திக்கு இன்னிக்குக் கொஞ்சம் கொறவுங்க" என்று பழனாத்தாள் சொல்வாள். "இப்ப கொறையுது" என்பான் பிபின்.

மூன்றாவது ஞாயிறு ஜெபசீலி வளவைத் தேடி வந்தாள். கம்பெனியில் யாரைக் கேட்டாலும் 'உடம்பு சரியில்லை' என்றார்கள். என்ன உடம்பு என்று பார்க்க வந்திருந்தாள். கேட்டைத் திறந்து குழாயடிக்கு வருவதற்குள் சின்னக் குரல் பதறியது.

"வந்துட்டா. உன்னயப் பாத்துச் சிரிக்க வந்துட்டா. கம்பெனில எல்லாத்துக்கிட்டயும் சொல்லிச் சிரிச்சவ இவதான்."

ஜெபசீலி அண்ணாந்து பார்த்தாள். பின்பு வாசலில் தலை குனிந்து நின்ற கார்வேந்தனைப் பார்த்தாள். "இது யாரு பேசுதா?"

"என்ற தலைக்குள்ள இருக்கறதுங்க" என்றான் அவன், மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல. "போயிருங்க. கேக்காதீங்க."

"கேக்காம என்ன? என்னயப் பத்தில்லா சொல்லுது." அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். "ஏல, சவத்து மூதி! நான் எப்ப சிரிச்சேன்? சொல்லு."

"ஆனி ஏழு. டீ டைம்ல" என்றது குரல்.

"ஆமா, சிரிச்சேன். அவங்க சட்டைய உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க. கட்டிங் மாஸ்டரு தையலு வெளிய தெரிய நடந்தா சிரிக்க மாட்டாங்களா? வேற?"

"டிபன் பாக்ஸ டப்புனு மூடுனா. ஜாடை."

"அதுக்கு வாஷரு போச்சுல. அடிச்சு மூடுனாத்தான் குழம்பு கொட்டாது. வேற?"

குரல் யோசித்தது. "அவளுக்கு உன்னயப் புடிக்கல" என்றது, முன்னைவிட மெதுவாக.

ஜெபசீலிக்குக் காது மடல் சிவந்தது. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் துணி உதறுவதை, பாத்திரம் தேய்ப்பதை, எண்ணெய் வைப்பதை நிறுத்தியிருந்தார்கள். "அது பொய்யி" என்றாள். "சுத்தப் பொய்யி. புடிக்காமலா ஞாயித்துக்கெழம பூசைய விட்டுட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்?"

கமெண்டரி, யாரும் கேட்காமலேயே, "இப்ப தம்பி நிமிர்ந்து பாக்கறான்" என்றது.

அவள் பேசியதால் குரல் போய்விடவில்லை. அப்படிப் போவதும் இல்லை. நாளாக நாளாக, மாத்திரையோடும் தூக்கத்தோடும் டாக்டரம்மாவின் கேள்விகளோடும்தான் அது கரைந்தது. ஆனால் அது ஒன்று சொல்லும்போது, அப்படி இல்லை என்று அவள் சொன்னதும் அவன் காதில் இருந்தது. ஆவணியில் முணுமுணுப்பாயிற்று. புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை, பழனாத்தாள் கரண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டு, "ஒண்ணுமில்லீங்க" என்றாள். அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் பொறுத்து, டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கி, பின்பு நிறுத்தி, வருவதை மட்டும் நிறுத்தாதே என்றார்.

கார்வேந்தன் ஜெபசீலியிடம் கணக்கைச் சொன்னான். நூற்றுக்குப் பத்து, இல்லை, அதற்கு மேல், குழந்தைக்கும் வரலாம், யோசித்துக்கொள் என்றான்.

"எங்க அப்பாவுக்குச் சர்க்கரை" என்றாள் அவள். "அம்மாவுக்குச் சர்க்கரை, சித்திக்குக் காலையே எடுத்தாச்சு. எனக்கு வாரதுக்கு நூத்துக்கு அம்பதுன்னு வச்சுக்கிடுங்க. உங்களுக்குப் பத்து, எனக்கு அம்பது. யாரு யாரைக் கட்டப் பயப்படணும்? நீங்க புகையத் தொடக் கூடாது, நான் அல்வாவத் தொடக் கூடாது. சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றான். அவள் அல்வா விஷயத்தில் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை.

தை மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வளவு முற்றத்தில் பந்தல் போட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த சம்பந்திகளுக்குப் பழனாத்தாள் கேட்டிலேயே விவரம் சொன்னாள்: "உள்ள மூணு பேரு கண்ணுக்குத் தெரியாம இருப்பாங்க. ஒருத்தரு நல்லவரு. ஒருத்தரக் கண்டுக்காதீங்க. மூணாவது என்னன்னு எங்களுக்கே புரியறதில்ல." பெண்ணின் அப்பா தலையாட்டிக்கொண்டார், அவர் ஊரில் கடல் பேசும், அதையும் எல்லோரும் முழுக்கப் புரிந்துகொள்வதில்லை. மாலை மாற்றியபோது கமெண்டரி உச்ச ஸ்தாயியில் ஏறியது. "இப்ப மாலைய எடுக்கறான், இப்ப அவ குனியமாட்டேங்கறா, இப்ப அவன் எக்கறான்" என்று அது சொல்ல, பந்தலின் கடைசி வரிசையில் பார்வை தெரியாத ஒரு கிழவர், நேரில் பார்த்தவர்போல முகமெல்லாம் பூத்துக் கேட்டார். அதட்டி குறுக்கே வந்து, "நீ நிக்கற எடமாடா இது? போடா உள்ள" என்று சிகாமணியிடம் ஆரம்பித்தது. ஜமாப்பு மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே குச்சியை எடுத்தார்கள். முற்றம் அதிர்ந்தது. சிகாமணி உள்ளே போகவில்லை. மாப்பிள்ளைக்கு அண்ணனாகப் பந்தலின் நடுவில் நின்று, முதலில் தோளையும் பிறகு காலையும் அசைத்து, கடைசியில் பிபினின் கையைப் பிடித்துக்கொண்டு சட்டை நனைய ஆடினான்.

குரல்கள் வந்ததற்குக் காரணம் தெரியாததுபோலவே போனதற்கும் தெரியாது. கல்யாணம் முடிந்து வந்த ஐப்பசியில், மூன்று நாள் பெய்த மழை வெறித்த ஒரு புதன்கிழமை சாயங்காலம், "இப்ப கதவத் தொறக்க..." என்று சொல்லிக்கொண்டிருந்த கமெண்டரி பாதி வார்த்தையில் நின்றது. மொணமொணப்பும் இல்லை. வளவில் கூரைத் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். பையனுக்குக் குணமாகிவிட்டது என்று ஒருவர் சொல்ல, சூடம் எங்கே என்று இன்னொருவர் ஓட, வாசலில் நின்ற சிகாமணி கையை உயர்த்தினான்.

"நிக்கலீங்க" என்றான். "உள்ள போயிருச்சு. எனக்கு இன்னும் கேக்குது. எனக்கு மட்டும்."

கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். கார்வேந்தன் அவன் முகத்தைப் பார்த்தான். ஒன்பது வருஷமாக இருந்த அதே முகம், கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கிற முகம், திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளங்கைகள் மெல்லக் காதை நோக்கி உயர்ந்தன.

நாச்சாத்தாள் மகனிடம் போனாள். அவன் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"என்ன சொல்லுது சாமி?" என்று கேட்டாள்.

அவன் திகைத்தான். இதுவரைக்கும் அவள் அப்படிக் கேட்டதில்லை. குரல்கள் வெளியே வருவதற்கு முன்னால் இருந்த ஒன்பது வருஷத்திலும் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றே சொன்னவள். தம்பியைப் பார்த்தான். அவன் பக்கத்தில், ஆறு மாத வயிற்றோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெபசீலியைப் பார்த்தான்.

"சத்தம் நின்னுபோச்சு, இனி எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போறாங்கன்னு சொல்லுதும்மா."

ஜெபசீலி உள்ளே போய்க் கோரைப்பாயை எடுத்துவந்து ஈரத் தரையில் உதறி விரித்தாள். கார்வேந்தன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தான். பழனாத்தாள் உட்கார்ந்தாள். பிபின் உட்கார்ந்தான். சூடம் எடுக்கப் போனவர் வெறும் கையோடு திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார்.

"இப்ப என்ன சொல்லுதுண்ணா?" என்றான் கார்வேந்தன்.

சிகாமணி தலையைச் சாய்த்துக் கேட்டான். மெல்ல அவன் முகம் மலர்ந்தது.

"இப்ப உக்காரறாங்கன்னு சொல்லுது" என்றான்.